அப்பாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, குணம்தான் மாறிவிட்டது

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டர், என் அப்பாவுக்கு 58 வயது. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர், அதிர்ந்து பேசாத மனிதர். இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் 'நீ ரெண்டு பேர் காசு குடுக்கணும்' என்கிறார். பெரியப்பா இறந்த வீட்டில் சாப்பாடு எப்போது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தினமும் பேக்கரியில் நாலைந்து தேங்காய் பன் வாங்கித் தின்கிறார். போன மாதம் காசு கொடுக்காமல் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்துவிட்டார், கடைக்காரர் வீடு தேடி வந்துவிட்டார். அம்மா டைஃபாய்டில் படுத்திருந்தபோது 'காபி எங்கே' என்று மட்டும்தான் கேட்டார். கடை முதலாளியும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஆனால் ஞாபகசக்தி அபாரம், 29சி பஸ் எங்கெங்கே நிற்கும் என்று வரிசையாகச் சொல்வார். அம்மா செய்வினை என்கிறார், தம்பி திமிர் என்கிறான். மூளையின் முன்பகுதி கெட்டால் குணம் மாறும் என்று நெட்டில் படித்தேன். அதுவா இது? தெரிந்தே செய்கிறாரா? எல்லாம் மூளைதான் என்றால் யாரையுமே குறை சொல்ல முடியாதே என்று தம்பி கேட்கிறான். என் பையனுக்கு 15 வயது, அவனும் இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பரம்பரையாக வருமோ என்று பயமாக இருக்கிறது."

அம்மா, ஐம்பத்தாறு வயது வரை ஒரு மாதிரி இருந்த மனிதர் இரண்டே வருடத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டார் என்றால், அவர் குணத்தைப் பற்றி வீட்டில் பஞ்சாயத்து வைப்பதற்கு முன் மூளையைப் பார்த்துவிட வேண்டும். திமிர் பிடித்தவர் இருபது வயதிலும் திமிராகத்தான் இருந்திருப்பார், அறுபதை நெருங்கும்போது அது புதிதாக முளைக்காது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃப்ரன்டோ டெம்போரல் டிமென்ஷியா என்கிற நோய்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலும், காதோரம் இருக்கும் பக்கமடலின் முன்பகுதியும் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும் நோய் அது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தலைகாட்டும். அந்த வயதில் யாரும் டிமென்ஷியா என்கிற மூளைத் தேய்வு நோயை நினைப்பதில்லை என்பதால்தான் வேலை போன பிறகும், சண்டை முற்றிய பிறகும், கோயில் குளமெல்லாம் போய் வந்த பிறகும் எங்களிடம் வருகிறார்கள். செய்வினை என்று சொன்னதற்காக அம்மாவிடம் கோபப்படாதீர்கள். "இது என் புருஷன் இல்லை, வேறு யாரோ" என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. அதில் தப்பே இல்லை, காரணம் மட்டும் வேறு.

ஞாபகசக்தி நன்றாக இருக்கிறதே என்பதுதான் உங்கள் குழப்பம். டிமென்ஷியா என்றாலே மறதி என்று எல்லோரும் நினைக்கிறோம், ஏனென்றால் அதில் அதிகம் பேருக்கு வரும் அல்சைமர் மறதியில்தான் ஆரம்பிக்கும். பக்கமடலின் உட்புறத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, புதிய நினைவுகளைப் பதிய வைப்பது அதன் வேலை, அல்சைமர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில். 1953ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கமும் அந்தப் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008ல் இறக்கும்வரை, சற்று முன் பேசிய ஆளைக்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் அவரிடம் பழகிய ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் சொல்வது, அவர் சாதுவான, மரியாதை தெரிந்த மனிதர் என்பதைத்தான். நினைவு போனது, நடத்தை போகவில்லை. உங்கள் அப்பாவுக்கு நேர் எதிர். 29சி நிற்கும் ஸ்டாப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனம் நோகுமே என்பதுதான் இல்லை.

"தெரிந்தே செய்கிறாரா" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1985ல் எஸ்லிங்கர், டமாசியோ என்ற இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவரும் உங்கள் அப்பா மாதிரி கணக்கர்தான். 35 வயதில் முன்மடலின் அடிப்பகுதியை, அதாவது கண்குழிகளுக்கு நேர் மேலே இருக்கும் பகுதியை, அழுத்திக்கொண்டிருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டியோடு அந்த இடத்து மூளையிலும் கொஞ்சம் போனது. பிறகு அறிவுத்திறன் சோதனை வைத்தால் சராசரிக்கு மேலே வாங்குகிறார், இப்படி ஒரு சிக்கல் வந்தால் என்ன செய்வது நியாயம் என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்கிறார். வாழ்க்கையோ சீட்டுக்கட்டாகச் சரிந்தது. வேலை நிலைக்கவில்லை, எல்லோரும் வேண்டாம் என்று தடுத்த தொழிலில் பணத்தைப் போட்டு இழந்தார், விவாகரத்து ஆனது, சாப்பிட எந்த ஹோட்டலுக்குப் போவது என்று முடிவு செய்யவே மணிக்கணக்காகும். புத்திக்கு எல்லாம் தெரிகிறது, மனசுக்கு உறைக்கவில்லை.

இந்த உறைத்தல்தான் விஷயமே. சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. யாரும் சொல்லித் தருவதில்லை, யோசித்து முடிவெடுப்பதும் இல்லை, அடிவயிற்றில் ஏதோ கனக்கிறது, வாய் அடங்கிவிடுகிறது. உடம்பில் எழும் அந்தச் சின்னச் சலனத்தைக் கவனித்து, "இங்கே இது முக்கியம்" என்று அறிவிக்கும் வேலையை இன்சுலா, சிங்குலேட் என்று மூளையில் உள்ளடங்கி இருக்கும் சில பகுதிகள் பார்க்கின்றன. அதற்கேற்ப ஆசையை நிறுத்துவதும் விடுவதும் கண்குழிக்கு மேலே உள்ள அந்த அடிப்பகுதியின் பொறுப்பு. திண்ணையில் ஒரு பெரியவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வீட்டுப் பிள்ளைகள் அடங்கி நடக்கும் அல்லவா, அப்படி. அவர் எழுந்து போய்விட்டால் பிள்ளைகள் புதிதாகக் கெட்டுப்போவதில்லை, ஏற்கெனவே இருந்த துடுக்கு வெளியே வருகிறது. நம் எல்லோருக்கும்தான் சாவு வீட்டில் பசிக்கிறது. நாம் கேட்பதில்லை, உங்கள் அப்பா கேட்டுவிட்டார்.

அதனால், "பிஸ்கட் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கணுமா அப்பா?" என்று கேட்டால் "ஆமா, கொடுக்கணும்" என்பார். இதைக் கேட்டதும் தம்பிக்கு இன்னும் கோபம் வரும், பார், தெரிந்துகொண்டே செய்கிறார் என்று. தெரியும்தான், அந்தத் தெரிதல் கையை நிறுத்தும் சக்தியை இழந்துவிட்டது. ஒளித்து எடுக்கிறாரா, எல்லோர் கண் முன்னாலும் எடுத்துக்கொண்டு வருகிறாரா என்று கடைக்காரரையே கேட்டுப் பாருங்கள், அநேகமாக இரண்டாவதாகத்தான் இருக்கும். இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் விபரீதம் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு நினைவாற்றல் மையத்தின் நோயாளிக் குறிப்புகளை ஆராய்ந்து 2015ல் வெளிவந்த கட்டுரையில், இந்த நோயின் நடத்தை மாறும் வகை உள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர் திருட்டு, போக்குவரத்து விதிமீறல், தகாத தொடுதல் என்று ஏதாவது ஒன்றில் சட்டத்தை மீறியிருந்தார்கள். அல்சைமர் உள்ளவர்களில் அது 8 சதவீதம் கூட இல்லை.

நெட்டில் படித்திருந்தால் கட்டாயம் ஃபினியஸ் கேஜ் கதை கண்ணில் பட்டிருக்கும், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும் வேலையில், மூன்றரை அடிக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி ஒன்று கன்னத்தில் புகுந்து மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. ஆள் பிழைத்தார், "அவர் பழைய கேஜ் இல்லை" என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டுக்குப் போய் ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டியைப் பல வருடம் ஓட்டினார், நேரம் தவறாமை, பயணிகளிடம் பேச்சு, குதிரைகளை அடக்குவது என்று எல்லாம் வேண்டிய வேலை அது. கோபத்துக்கு ஒரு மூலை, பாசத்துக்கு ஒரு மூலை என்று மூளையைப் பிளாட் போட்டு விற்க முடியாது, பல பகுதிகள் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு வித்தியாசம் மட்டும் மறக்க வேண்டாம். கேஜுக்கு நடந்தது விபத்து, அதோடு முடிந்தது, மிச்சமிருந்த மூளை ஈடுகட்டப் பழகிக்கொண்டது. டிமென்ஷியா நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஃப்ரன்டோ டெம்போரல் என்று நானோ நீங்களோ முடிவு கட்டுவதற்கு முன், இதே வேஷத்தில் வரும் வேறு சில நோய்கள் இல்லை என்று தெரிய வேண்டும். அவற்றில் சிலவற்றைக் குணப்படுத்தவே முடியும், அதனால்தான் "வயசாச்சு, விடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்மடலுக்கு அடியில் மெல்ல வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, எடுத்துவிடலாம். சிலருக்கு அதில் வாசனை தெரியாமல் போகும், எனவே டிகாக்‌ஷன் மணம், சாம்பிராணி மணம் தெரிகிறதா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பைக்கிலிருந்தோ பாத்ரூமிலோ விழுந்து தலையில் லேசாக அடிபட்டு, வாரங்கள் கழித்து மண்டைக்குள் ரத்தம் தேங்கி நிற்பது இன்னொன்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தைராய்டு, பி12 குறைபாடு, குடி, சின்னச் சின்ன பக்கவாதங்கள் எல்லாம் கணக்கில் உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் விடிஆர்எல், எச்ஐவி என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள், அப்பா நடத்தையைச் சந்தேகப்பட்டு யாரும் எழுதவில்லை, சிஃபிலிஸும் எச்ஐவியும் மூளையைப் பாதிக்கும் என்பதால் பார்த்துவிடுவது வழக்கம். அப்புறம் மனநோய். தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிகிறார், பெரிய பெரிய திட்டம் பேசுகிறார், இடையில் சில மாதம் பழையபடி ஆகிவிடுகிறார் என்றால் அது பைபோலாராக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், உங்களுக்குக் கிட்டத்திலேயே ஸ்டான்லியிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். ஆரம்பத்தில் எம்ஆர்ஐ நார்மல் என்று வரவும் கூடும், அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள், தேவைப்பட்டால் மூளையின் எந்தப் பகுதி மந்தமாக வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எழுதுவார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து என்ன தேதி, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றால் உங்கள் அப்பா எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார், கணக்கர் அல்லவா. அவர் தடுமாறுவது வேறு இடத்தில். ஒரு நிமிடத்தில் 'க'வில் தொடங்கும் சொற்களாகச் சொல்லச் சொன்னால் நாலோடு நின்றுவிடலாம். முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மேஜையில் வரிசையாக வைக்கச் சொன்னால் முஷ்டியையே திரும்பத் திரும்ப வைக்கலாம். அதனால் அவர் பதிலைவிட உங்கள் அம்மா சொல்வதுதான் முக்கியமான சாட்சி. அப்பா பக்கத்தில் இருந்தால் அம்மா வாய் திறக்க மாட்டார், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்பு எப்படி இருந்தார், எது புதிது, எந்தத் தீபாவளிக்குப் பிறகு என்று எழுதிக்கொண்டு போங்கள். "முன்னாடியே கஞ்சன்தான்" போன்ற பழைய கணக்குகளைத் தனியாக வைத்துவிடுங்கள். எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏன் வரணும் என்பார், தன்னிடம் மாற்றம் இருப்பது தெரியாமல் போவதும் நோயின் ஒரு பகுதி. சுகர் டெஸ்ட் எடுக்கலாம் வாங்க என்று கூட்டிப்போங்கள், நாலு தேங்காய் பன்னுக்கு அது எப்படியும் எடுக்க வேண்டியதுதான்.

ஃப்ரன்டோ டெம்போரல்தான் என்று உறுதியானால், அதை நிறுத்தும் மருந்து இன்று இல்லை. ஞாபகத்துக்கு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சாப்பிடும் டோனெபெசில் இதில் உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டிவிடும், அந்தப் பாட்டியின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த இனிப்பு வெறியையும் கட்டுப்பாடின்மையையும் கொஞ்சம் தணிக்கின்றன, அதை டாக்டர் முடிவு செய்வார். மருந்தைவிடச் சுற்றுப்புறத்தை மாற்றுவதில்தான் பலன் அதிகம். அவரைத் திருத்தப் பார்க்காதீர்கள், அவமானப்படுத்தினாலும் உறைக்காது, உங்கள் தொண்டைதான் வறளும். பேக்கரிக்காரரிடமும் அந்தக் கடைக்காரரிடமும் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, மாதாந்திரக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று பயப்படுகிறீர்கள், தெரியாமல் இருப்பதில்தான் அடிதடி வரும். வண்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். போனில் யூபிஐ வரம்பைக் குறைத்து, பெரிய தொகையை வேறு கணக்குக்கு மாற்றுங்கள், முன்பின் தெரியாதவன் போனில் இனிக்கப் பேசினால் இந்த நோயாளிகள் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள், அப்படி ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், வங்கி விஷயங்களுக்கு ஒரு வக்கீலை இப்போதே பாருங்கள். அவரிடம் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று உறவினர்கள் சொல்வார்கள், நம் சட்டத்தில் எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் செல்லாமல் போய்விடும். அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டிமென்ஷியாவுக்கு என்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது, அம்மாவை அங்கே ஒருமுறை கூட்டிப் போங்கள். ராத்திரி பகலாகக் கூட இருப்பவர் அவர்தான். அவருக்கே தூக்கமில்லை, அழுகை என்றால் 14416 என்ற எண்ணில், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி சேவையில் தமிழிலேயே பேசலாம்.

தம்பியின் கேள்வி நியாயமானது. எல்லாம் மூளைதான் என்றால் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பவனையும் விட்டுவிடலாமா? கூடாது. அவன் டிராஃபிக் போலீஸிடம் கை நீட்டுவதில்லை, முதலாளியிடம் வாய் திறப்பதில்லை, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் வீரம். யாரிடம் அடங்க வேண்டும் என்று தெரிந்து, அடங்கவும் முடிகிறது என்றால் அவன் முன்மடல் பிரமாதமாக வேலை செய்கிறது. உங்கள் அப்பா ஆட்டோவில், துக்க வீட்டில், முதலாளி முன்னால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறார், அதனால் எந்த லாபமும் இல்லை, வேலையே போயிருக்கிறது. இந்த வித்தியாசம் நூற்றுக்கு நூறு அளவுகோல் இல்லைதான், வீட்டுக்குள் மட்டும் தெரியும் நோய்களும் உண்டு. ஆனாலும் எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

பையனைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். பதினைந்து வயதில் ஆசையையும் ஆவேசத்தையும் கிளப்பும் உட்பகுதிகள் முழு வேகத்தில் இருக்கும், அடக்கும் முன்மடல் கடைசியாகத்தான் முதிரும், அது இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கும். அவனுக்கு முன்மடலை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தாத்தாவுக்கு அது இடிந்துகொண்டிருக்கிறது, வெளியே கேட்கும் சத்தம் மட்டும்தான் ஒன்று. வீட்டில் தாத்தா இப்படி மாறியதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், யாராவது அவனிடம் விளக்கிச் சொன்னீர்களா? பரம்பரை என்று பார்த்தால், இந்த நோயில் ஒற்றை மரபணுவால் நேராக இறங்குவது சிறுபான்மைதான். அப்பாவின் பெற்றோர், கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது நடுவயதில் "புத்தி பேதலித்துவிட்டது" என்றோ, கை கால் மெலிந்து விழுங்க முடியாமல் போனது என்றோ ஊரில் பேச்சு உண்டா என்று விசாரித்து, இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மெலிவு நோயும் இதுவும் சில குடும்பங்களில் சேர்ந்தே வரும். அப்பாவுக்கே அப்படி மெலிவு, தசை துடிப்பு, சாப்பிடும்போது புரையேறுவது இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்களுக்கோ பையனுக்கோ மரபணுப் பரிசோதனை என்று எந்த லேபுக்கும் பணம் கட்டாதீர்கள்.

நரம்பியல் ஓபிக்குப் போகும் நாளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எம்ஆர்ஐ எடுத்தால் ரிப்போர்ட் மட்டும் வாங்கி வராமல் ஃபிலிமையோ சிடியையோ கேட்டு வாங்குங்கள், அடுத்த வருடம் இன்னொரு ஸ்கேன் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.